மருவை உறைய வைக்கும் கருவி... உள்ளே இருப்பது காப்புரிமை வாங்காமல் விட்ட ஒரு குடுவை! யார் இந்த ஜேம்ஸ் டியூவர்?

மரு எடுக்க தோல் டாக்டரிடம் போனவர்கள் இந்தக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வாட்டர் பாட்டில் சைஸில் ஒரு ஸ்டீல் குடுவை. மேலே ஒரு விசை, முன்னால் மெல்லிய முனை. விசையை அழுத்தினால் புஸ்ஸென்று வெள்ளைப் புகை வரும். சில நொடிகளில் மரு வெள்ளையாக உறைந்துவிடும். சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். தையல் இல்லை, பெரிய கட்டு இல்லை, அன்றைக்கே வேலைக்குப் போகலாம்.

அந்தக் குடுவைக்குள் இருப்பது திரவ நைட்ரஜன். அதன் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். இத்தனை குளிரான ஒரு பொருளை டாக்டர் எப்படி வெறும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்? அது ஏன் உடனே ஆவியாகிக் காணாமல் போவதில்லை?

இதற்கான விடையை 1892-ல் லண்டனில் ஒருவர் கண்டுபிடித்தார். அவர் டாக்டர் இல்லை. மருவுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தான் கண்டுபிடித்த பொருளுக்கு அவர் காப்புரிமையும் வாங்கவில்லை. அவர் பெயர் ஜேம்ஸ் டியூவர். காபி, டீ ஊற்றி வைக்கும் பிளாஸ்க்குக்கும் அவர்தான் மூலகாரணம். அவருடைய கதையைப் பார்க்கலாம்.

பனிக்குளத்தில் விழுந்த சிறுவன்

ஸ்காட்லாந்தில் ஃபோர்த் நதிக்கரையில் கின்கார்டின் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1842 செப்டம்பர் 20-ம் தேதி பிறந்தார் ஜேம்ஸ் டியூவர். அப்பா விடுதியும் மது வியாபாரமும் நடத்தி வந்தார். மகன்களில் ஜேம்ஸ்தான் கடைக்குட்டி.

பத்து வயதில் ஒரு விபத்து. உறைந்து கிடந்த குளத்தின் மேல் போனபோது பனி உடைந்து தண்ணீருக்குள் விழுந்தார். உயிர் பிழைத்தாலும், மூட்டுகளைத் தாக்கும் வாதக் காய்ச்சல் வந்து படுத்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம் சரியாக நடக்க முடியவில்லை. பள்ளிக்கூடமும் தடைபட்டது.

அந்த நாட்களில் அவருக்குத் துணையாக இருந்தவர் ஊர்த் தச்சர். சும்மா உட்கார்ந்திருந்த பையனுக்கு வயலின் செய்யக் கற்றுக்கொடுத்தார். மரத்தை இழைப்பது, வளைப்பது, முடி அளவு பிசகாமல் பொருத்துவது என்று கைவேலை முழுவதும் அங்கேதான் பழகியது. பிற்காலத்தில் ஆய்வகத்தில் தன் கைகளுக்கு இருந்த லாவகத்துக்குக் காரணம் அந்தத் தச்சுப் பட்டறைதான் என்று டியூவர் நம்பினார். 1854-ல் அவர் செய்த ஒரு வயலின், 67 வருஷம் கழித்து அவருடைய திருமணப் பொன்விழாவில் வாசிக்கப்பட்டது!

பதினைந்து வயதுக்குள் பெற்றோர் இருவரையும் இழந்தார். பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படிப்பு. அங்கே வேதியியல் பேராசிரியர் லையன் பிளேஃபேரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1867-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில், பென்சீன் வளையத்தின் வடிவத்தைச் சொன்ன கெக்குலேயின் ஆய்வகத்திலும் கொஞ்ச காலம் இருந்தார்.

1871-ல் ஹெலன் ரோஸ் பேங்ஸை மணந்தார். 1875-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவி. 1877-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னொரு பேராசிரியர் பதவி. மைக்கேல் ஃபாரடே வேலை செய்த அதே இடம். இரண்டு பதவிகளையும் சாகும்வரை அவர் விடவில்லை. ஆனால் மனசு முழுக்க லண்டனில்தான் இருந்தது.

காற்றைத் தண்ணீராக்கும் போட்டி

அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்கு ஒரு பெரிய சவால் இருந்தது. ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் போன்ற வாயுக்களை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியவில்லை. ஃபாரடேவே முயன்று தோற்ற விஷயம் இது. இவை நிரந்தர வாயுக்கள் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

1877-ல் பிரான்சில் கையெட்டே, சுவிட்சர்லாந்தில் பிக்டே என இருவர் தனித்தனியாக ஆக்சிஜனைத் திரவமாக்கினார்கள். ஆனால் கிடைத்தது நொடிநேரப் பனிமூட்டமும் சில துளிகளும்தான். 1883-ல் போலந்தின் கிராக்கோ நகரில் வுருப்லெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி என்ற இருவர் ஒரு படி மேலே போனார்கள். ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் கண்ணால் பார்த்து அளக்கும் அளவுக்குத் திரவமாக்கினார்கள்.

டியூவர் இந்தப் போட்டியில் குதித்தார். 1884-லேயே ராயல் இன்ஸ்டிட்யூஷன் மேடையில் திரவ ஆக்சிஜனைப் பொதுமக்களுக்குக் காட்டினார். அங்கே வெள்ளிக்கிழமை மாலைகளில் நடக்கும் அறிவியல் உரைகள் ரொம்பப் பிரபலம். பிரமுகர்கள் விருந்து உடையில் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். திரவ ஆக்சிஜன் வெளிர் நீல நிறத்தில் கொதிப்பதையும், காந்தம் அதை இழுப்பதையும் டியூவர் செய்து காட்டினார்.

திரவம் தயார். அதை வைப்பது எங்கே?

பிரச்னை இங்கேதான் ஆரம்பித்தது. மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் ஒரு திரவத்துக்கு, நாம் குளிர் என்று நினைக்கும் லண்டன் அறையே எரியும் அடுப்பு மாதிரி. சாதாரணக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றினால் தளதளவென்று கொதித்து ஆவியாகிவிடும். வெளிப்புறத்தில் பனி படிந்து, உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. பாடுபட்டுத் தயாரித்த திரவத்தை வைத்து ஆராய்ச்சி செய்ய நேரமே கிடைக்காது.

1892-ல் டியூவர் கண்ட தீர்வு இதுதான். ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இன்னொரு கண்ணாடிக் குடுவை. இரண்டையும் வாய்ப்பகுதியில் மட்டும் ஒட்டி, நடுவில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து மூடிவிடுவது. நடுவில் வெற்றிடம் மட்டும்தான் இருக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது? வெப்பம் மூன்று வழிகளில் பயணிக்கும். ஒன்று, பொருளைத் தொட்டுக் கடத்தப்படுவது. இரண்டு, காற்றோ திரவமோ சுழன்று சுமந்து போவது. மூன்று, வெயில் மாதிரி கதிர்வீச்சாகப் பாய்வது. நடுவில் காற்றே இல்லை என்றால் முதல் இரண்டு வழிகளும் ஏறக்குறைய அடைபட்டுவிடும். மூன்றாவது வழிக்கும் டியூவர் ஒரு பூட்டு போட்டார். கண்ணாடியின் உள்சுவர்களில் வெள்ளி முலாம் பூசினார். முகம் பார்க்கும் கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்புவதுபோல, அது வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்பிவிடும்.

விளைவு? நிமிடங்களில் தீர்ந்துபோன திரவக் காற்று மணிக்கணக்கில் தாங்கியது. குளிர்ப் பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போகவும் முடிந்தது. மருத்துவத்துக்குக் கைகொடுக்கப் போவது இந்த இரண்டாவது விஷயம்தான்.

1898 மே 10: உச்சம் தொட்ட நாள்

ஆக்சிஜனும் நைட்ரஜனும் வசப்பட்டன. மிச்சமிருந்தது ஹைட்ரஜன். 1898 மே 10-ம் தேதி, மைனஸ் 205 டிகிரிக்குக் குளிர்வித்த ஹைட்ரஜனை 180 மடங்கு காற்றழுத்தத்தில் ஒரு சுருள் குழாய் வழியாகப் பீய்ச்சினார் டியூவர். குழாயின் முனையிலிருந்து தெளிவான ஒரு திரவம் சொட்டியது. குழாய் அடைத்துக்கொள்வதற்குள் கிடைத்தது சுமார் 20 மில்லி. ஆனால் உலகத்தில் முதல்முறையாக ஒரு பாத்திரத்தில் சேகரிக்கப்பட்ட திரவ ஹைட்ரஜன் அதுதான். அதன் கொதிநிலை மைனஸ் 253 டிகிரி. அடுத்த வருஷமே அதைத் திடப்பொருளாகவும் உறைய வைத்தார்.

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு விலையும் இருந்தது. டியூவருக்குத் துணையாக நின்ற உதவியாளர்கள் ராபர்ட் லெனாக்ஸ், ஜே.டபிள்யூ. ஹீத் இருவரும் ஆய்வக வெடிவிபத்துகளில் ஆளுக்கொரு கண்ணை இழந்தார்கள். அதிக அழுத்தத்தில் வாயுக்களைக் கையாளும்போது குழாய்கள் வெடிப்பது அங்கே புதிதல்ல. பாதுகாப்புக் கண்ணாடி, விதிமுறை என்றெல்லாம் பெரிதாக இல்லாத காலம் அது. மேடையில் கைதட்டல் டியூவருக்குக் கிடைத்தது. 1904-ல் தீட்டப்பட்ட ஒரு புகழ்பெற்ற ஓவியத்தில் திரவ ஹைட்ரஜன் பற்றிய அவருடைய உரையும், கூடியிருக்கும் பிரமுகர்களும் இருக்கிறார்கள். அந்த மேடையைத் தயார் செய்ய லெனாக்ஸும் ஹீத்தும் கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

கோபம் கொடுத்த தோல்வி

டியூவர் எவ்வளவு பெரிய திறமைசாலியோ, அவ்வளவு பெரிய கோபக்காரர். சக விஞ்ஞானிகளோடு சண்டை போடுவது வழக்கமாகவே இருந்தது. காற்றைத் திரவமாக்கும் எளிய இயந்திரத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹாம்ப்சனோடு அறிவியல் இதழில் பகிரங்க மோதல். அபூர்வ வாயுக்களைக் கண்டறிந்த வில்லியம் ராம்சேயோடு நீண்டகாலப் பகை.

இந்த இரண்டாவது பகைதான் அவரைப் பெரிதாகப் பாதித்தது. ஹைட்ரஜனுக்கு அடுத்து மிச்சமிருந்த ஒரே வாயு ஹீலியம். அதைத் திரவமாக்க டியூவருக்குக் குளிர் இருந்தது, ஆனால் போதிய அளவு சுத்தமான ஹீலியம் இல்லை. இங்கிலாந்தில் ஹீலியத்தை நன்கு அறிந்தவர் ராம்சே. இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. பாத் நகரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து வரும் வாயுவை வைத்து டியூவர் தனியாக முயன்றார். அதில் நியான் கலந்திருந்தது. நியான் உறைந்து குழாய்களை அடைத்துக்கொள்ள, முயற்சி வீணானது.

கடைசியில் 1908 ஜூலை 10-ம் தேதி, நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அவர் பயன்படுத்தியதும் டியூவர் உருவாக்கிய வெற்றிடக் குடுவை வகைதான்! 1904-ல் ராம்சேக்கு நோபல், 1913-ல் ஓன்ஸுக்கு நோபல். டியூவர் பெயர் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

பிளாஸ்க் பணம் யாருக்குப் போனது?

இன்னொரு வாய்ப்பும் கைநழுவியது. டியூவரின் குடுவைகளைச் செய்த ஜெர்மானியக் கண்ணாடிக் கைவினைஞர்களில் ஒருவர் ரைன்ஹோல்ட் பர்கர். குளிரை உள்ளே வைத்துக்கொள்ளும் குடுவை, சூட்டையும் உள்ளே வைத்துக்கொள்ளும்தானே? கண்ணாடி உடையாமல் இருக்க வெளியே உலோக உறை போட்டு, அதற்கு 1903-ல் காப்புரிமை வாங்கினார். 1904-ல் தெர்மோஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உலகமே வாங்கியது.

டியூவருக்கு அதில் ஒரு காசு வரவில்லை. தன் குடுவைக்கு அவர் காப்புரிமை பதிவு செய்யவே இல்லை என்பதுதான் காரணம். இத்தனைக்கும் காப்புரிமை என்றால் என்னவென்று தெரியாதவர் இல்லை அவர். 1889-ல் ஃபிரெடரிக் ஏபலுடன் சேர்ந்து கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்தை உருவாக்கி, அதற்குக் காப்புரிமையும் பெற்றவர். அது தன் கண்டுபிடிப்பின் நகல் என்று ஆல்ஃபிரட் நோபல் தரப்பு வழக்குப் போட்டு 1895-ல் தோற்றது தனிக்கதை.

மருவுக்கு எப்போது வந்தது இந்தக் குளிர்?

குளிரை மருத்துவத்தில் பயன்படுத்துவது டியூவருக்கு முன்பே இருந்தது. 1840-50களில் ஜேம்ஸ் ஆர்னாட் என்ற ஆங்கிலேய மருத்துவர், நொறுக்கிய ஐஸில் உப்பைக் கலந்து புற்றுநோய்க் கட்டிகள் மேல் வைத்தார். வலி குறைந்தது, கட்டி சுருங்கியது. ஆனால் அந்தக் கலவையால் மைனஸ் 20 டிகிரியை ஒட்டித்தான் போக முடியும். மருவின் அடிவரை அழிக்க அது போதாது.

திரவக் காற்று தயாரிக்கும் இயந்திரங்கள் 1895 வாக்கில் வந்தன. எடுத்துப் போக டியூவர் குடுவையும் இருந்தது. 1899-ல் நியூயார்க் மருத்துவர் கேம்பெல் ஒயிட், திரவக் காற்றில் பஞ்சை நனைத்து மருக்கள் மீதும் மற்றத் தோல் பிரச்னைகள் மீதும் வைத்துப் பார்த்துக் கட்டுரை எழுதினார். டியூவர் ஹைட்ரஜனைத் திரவமாக்கிய அடுத்த வருஷமே இது நடந்தது.

ஆனால் திரவக் காற்றில் ஒரு ஆபத்து உண்டு. அதில் நைட்ரஜன் முதலில் ஆவியாகிவிட, மிஞ்சுவதில் ஆக்சிஜன் அதிகமாகும். அருகில் நெருப்பு இருந்தால் கதை கந்தல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, தீப்பிடிக்காத திரவ நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது. 1950-ல் அமெரிக்காவின் ஹெர்மன் அலிங்டன் அதைப் பஞ்சில் நனைத்துத் தோல் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். 1961-ல் இர்விங் கூப்பர் மூளை அறுவை சிகிச்சைக்காகத் திரவ நைட்ரஜன் பாயும் குழாய்க் கருவியை அமைத்தார். அதே 1960-களில் செட்ராக் ஜகாரியன் போன்ற தோல் மருத்துவர்களின் முயற்சியால் கையில் பிடிக்கும் ஸ்ப்ரே கருவி வந்தது.

இன்றைக்கு டாக்டர் கையில் இருப்பது அதன் வாரிசு. வெற்றிடச் சுவர் கொண்ட சின்ன ஸ்டீல் குடுவை, சுமார் அரை லிட்டர் கொள்ளளவு. அதற்கு பேட்டரி தேவையில்லை. உள்ளே நைட்ரஜன் மெல்ல ஆவியாகும்போது உண்டாகும் அழுத்தமே திரவத்தை முனை வழியாகத் தள்ளுகிறது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். அதனால் அதிக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு அந்தக் கருவியில் கட்டாயம்.

மரு எப்படிக் காணாமல் போகிறது?

மருவுக்குக் காரணம் எச்.பி.வி. வகை வைரஸ். திரவ நைட்ரஜன் பட்டதும் செல்களுக்கு உள்ளேயும் வெளியேயும் பனிப் படிகங்கள் உருவாகி அவற்றைச் சிதைக்கும். அங்கே ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் அடைபடும். பிறகு கொப்புளம், அப்புறம் பொருக்கு, ஓரிரு வாரங்களில் உதிர்ந்துவிடும். தடிமனான மருவுக்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் பலமுறை செய்யணும். சில மருக்கள் திரும்பவும் வரலாம்.

நம்மைப் போல மாநிறம், கருமை நிறம் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோலுக்கு நிறம் தரும் செல்கள் குளிரை அதிகம் தாங்காது. மருவை அழிக்கத் தேவையான குளிருக்கு வெகு முன்பே, மைனஸ் 5 டிகிரியை ஒட்டியே அவை பாதிக்கப்படும். அதனால் மரு போன இடத்தில் வெள்ளைத் தழும்பு விழ வாய்ப்பு உண்டு. முகத்தில் செய்வதற்கு முன் டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் வீட்டு உபயோகக் கருவிகள் வேறு ரகம். அவற்றில் பலவற்றில் இருப்பது டைமெத்தில் ஈதர், புரொப்பேன் கலவை. அது மைனஸ் 57 டிகிரி அளவுக்குத்தான் போகும், தீயும் பிடிக்கும். நைட்ரஸ் ஆக்சைடு கேட்ரிட்ஜ் போட்ட கைக்கருவிகள் மைனஸ் 89 வரை போகும். எதுவாக இருந்தாலும், அது மருதானா என்று உறுதி செய்யாமல் உறைய வைப்பது ஆபத்து. நிறம் மாறும், வளரும், ரத்தம் கசியும் மச்சம் தோல் புற்றுநோயாக இருக்கலாம். அதன் மேற்பகுதியை மட்டும் அழித்துவிட்டால் நோயைக் கண்டுபிடிப்பதே தாமதமாகும். சர்க்கரை நோயாளிகள், ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் தாங்களாகவே இதைச் செய்யவே கூடாது.

கடைசி நாட்கள்

1904-ல் டியூவருக்கு சர் பட்டம் கிடைத்தது. முதல் உலகப் போர் வந்ததும் ஆராய்ச்சிக்கான பணமும் ஆட்களும் குறைந்தார்கள். குளிர் ஆராய்ச்சி நின்றது. உலகின் மிகக் குளிரான திரவங்களைக் கையாண்ட மனிதர், வயதான காலத்தில் சோப்புக் குமிழிகளை ஆராய ஆரம்பித்தார். தூசியில்லாத காற்றை வைத்து, குமிழிகளை நீண்ட நாள் உடையாமல் வைத்துக் காட்டினார். குழந்தைகள் இல்லாத அந்தத் தம்பதி 1921-ல் திருமணப் பொன்விழா கொண்டாடினார்கள். தச்சர் சொல்லிக்கொடுத்த அந்தப் பழைய வயலின் ஒலித்தது அங்கேதான்.

1923 மார்ச் 27-ம் தேதி, 80-வது வயதில் லண்டனில் காலமானார் டியூவர். அப்போதும் அவர் பணி ஓய்வு பெறவில்லை.

தனக்குத் தெரிந்ததை மற்றவர்களோடு பகிர்ந்திருந்தால் ஹீலியமும் அவருக்கே கிடைத்திருக்கலாம். பகிர மறுத்தார், இழந்தார். ஆனால் பூட்டிவைக்காமல் விட்ட அந்த ஒரே குடுவை, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலையில் உலகம் முழுக்கப் பரவியது. கால்நடை விந்தணு சேமிப்பு, ஆய்வக மாதிரிகள் பாதுகாப்பு, தோல் கிளினிக் என இன்றைக்கும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆய்வகங்களில் அந்தப் பாத்திரத்துக்கு இப்போதும் ஒரே பெயர்தான்: டியூவர்.